அன்னிய பாஷை ஞானம் குறைந்து விட்டதா?

"அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் எழுதின இங்கிலீஷை இந்தக் காலத்து எம்.ஏ. படித்தவன் எழுத மாட்டான்" என்று ஒரு பேச்சு நம் நாட்டில் வெகு காலமாய் நடந்து வருகின்றது. திண்ணையில் சாய்ந்திருக்கும் பென்ஷன்காரர் முதல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் பெரிய மனிதர் வரை இதைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லுகிறவர்கள், அந்தக் காலத்தில் ஓர் ஊருக்கு எத்தனை பேர் எஸ்.எஸ்.எல்.சி. படித்தார்கள் என்பதையும், படித்தவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதையும் மாத்திரம் சொல்லுவதே இல்லை. 1931-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி இந்தியாவில் தன் தாய்பாஷையிலேனும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. தொண்ணூறு பேரை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த நாலு பேர் நன்றாக எழுதினார்கள் என்று பெருமை பேசுவது என்ன நியாயம்?

இந்தப் புலம்பல் நமக்கு மாத்திரம் சொந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எவருடைய பாஷை நம் பிள்ளைகளுக்கு வரவில்லை என்று நாம் அழுகிறோமோ, அந்த இங்கிலீஷ்காரர்களும், அதே பாஷையைப் பேசும் அமெரிக்கர்களும், தங்கள் சர்வகலாசாலை மாணவர்களுக்கு அன்னிய பாஷை வரவில்லை என்று நூறு வருஷத்துக்கு மேலாகப் புலம்பிக் கொண்டுதான் இருக்கின்றார்கள். அவர்கள் கதை கணக்காகவும் ரிக்கார்டாகவும் இருக்கின்றது. ஆகையால் அதை எடுத்து வைத்துக்கொண்டு, மாணவர்களுக்கு ஒரு பாஷை எப்போது வருகின்றது, எப்போது போகின்றது, அதற்குக் காரணம் என்ன என்பதைப் பகுத்தறிவு கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

"காலேஜ் வாசற்படியை மிதியாத உனக்கு இதில் என்ன வேலை?" என்று சில பண்டிதர்கள் கேட்கக் கூடும். காலேஜுக்கு வரி கொடுக்கிறவர்கள் நாம். பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் நாம். "உன் பிள்ளைக்குப் பாஷை வரவில்லை" என்று திருப்பி அனுப்பினால் வீட்டில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களும் நாம்தான். ஆகவே கேட்பதற்கு நமக்குப் பாத்தியதை உண்டு.

லத்தீன் ஆண்ட காலம்

ஐரோப்பாவில் சர்வகலாசாலை என்று ஒன்று ஏற்பட்ட நாள் முதல் பல நூற்றாண்டு வரை பாடம் சொல்வது, வாதம் செய்வது, பரீட்சை கொடுப்பது எல்லாம் லத்தீனில்தான். அது எந்தத் தாயும் தன் குழந்தையைக் கொஞ்சாத பாஷை. ஜெர்மன் தேசத்துச் சர்வகலாசாலைகளில் தாய்பாஷை பேசும் மாணவனைக் காட்டிக் கொடுக்க ரகசிய ஒற்றர்களே வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு 'ஓநாய்' என்று பெயர். பிடிபட்டவன் அபராதம் கட்ட வேண்டும். பெற்ற தாய் சொல்லிக் கொடுத்த வார்த்தையைச் சொன்னதற்கு அபராதம்!

அக்காலத்து மாணவனுக்கு லத்தீன் நன்றாய் வந்தது என்பது வாஸ்தவமே. ஏன் வந்தது? அவன் மூளை நம் மூளையைவிடப் பெரியதா? அல்லது அது தெய்வீக பாஷை என்பதாலா? இரண்டும் அல்ல. வைத்தியம், சட்டம், கணிதம், வேதம் எல்லாம் அந்த ஒரே பாஷைக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருந்தன. அந்தச் சாவி இல்லாதவனுக்குப் படிப்பும் இல்லை, உத்தியோகமும் இல்லை. மத சம்பந்தமான புஸ்தகத்தையோ பாதிரி படித்துச் சொன்னால்தான் உண்டு. பைபிளின் புதிய ஏற்பாட்டை 1526-ல் இங்கிலீஷில் மொழிபெயர்த்து அச்சிட்ட வில்லியம் டிண்டேல் என்பவரை 1536-ல் மதத்துரோகி என்று கழுத்தை நெரித்துக் கொன்று, பிணத்தையும் கொளுத்தினார்கள். கடவுள் வார்த்தையைக் குடியானவனுக்குப் புரியும்படி சொல்ல முன்வந்தவனுக்குக் கடவுளின் ஏஜண்டுகள் கொடுத்த கூலி இது. இந்த மாதிரியான ஏற்பாட்டை நம் நாட்டு வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு என்ன நடந்தது? 1687-ம் வருஷத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த வருஷத்தில்தான் நியூட்டன் தம்முடைய பிரசித்தி பெற்ற 'பிரின்ஸிபியா' என்ற நூலை லத்தீனில் வெளியிட்டார். அதே வருஷத்தில் ஜெர்மனியில் லைப்ஸிக் சர்வகலாசாலையில் கிறிஸ்டியன் தாமாஸியஸ் என்ற ஆசிரியர், தாம் ஜெர்மன் பாஷையிலேயே பாடம் சொல்லப் போவதாக விளம்பரம் ஒட்டினார். பண்டிதர்களுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருடைய மற்ற அபிப்பிராயங்களும் சேர்ந்து, அவர் அவ்வூரை விட்டே போக நேர்ந்தது. சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைக் கொல்லும் வழக்குகளைப் பிற்காலத்தில் கண்டித்து எழுதியவரும் இவரே. நியூட்டனும் சும்மா இருக்கவில்லை. 1704-ல் ஒளியைப் பற்றி எழுதிய நூலை இங்கிலீஷிலேயே வெளியிட்டார்.

அறிவு தாய்பாஷைக்கு வந்து சேர்ந்தது. வரவே லத்தீன் ஞானம் தானாகக் குறைந்தது. மாணவன் சோம்பேறியானதால் குறையவில்லை. அவனுக்கு அது இல்லாமலே உலகம் விளங்க ஆரம்பித்து விட்டதனால் குறைந்தது.

பாதிரிகள் காத்த கதவு

நிற்க, தேவை போன பிறகும் லத்தீனும் கிரேக்கமும் பரீட்சையை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பெரிய சர்வகலாசாலைகளிலும், ஒருவன் ரசாயனம் படிக்க வந்தாலும் சரி, கணிதம் படிக்க வந்தாலும் சரி, கிரேக்கம் தெரிந்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. கிரேக்கம் எங்கே சொல்லிக் கொடுக்கப்பட்டது? பணக்காரர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களில். சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்தக் கதவண்டை வந்து நின்றுவிட வேண்டியதுதான்.

இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட வேண்டுமென்று கேம்பிரிட்ஜில் 1905-ல் ஒரு பிரேரணை வந்தது. அங்கே பட்டம் பெற்றுப் போன எம்.ஏ.க்கள் எல்லோருக்கும் அப்போது வோட்டு இருந்தது. அவர்களில் பாதிரிகளாய்க் கிராமங்களில் இருந்தவர்கள் உள்பட ஏராளமான பேர் வந்து பிரேரணையைத் தோற்கடித்தார்கள். பையன்களுக்குக் கிரேக்கம் வருகிறதா என்பதைப் பற்றியா அவர்களுக்குக் கவலை? தாங்கள் ஏறி வந்த ஏணியில் மற்றவன் ஏறிவிடக் கூடாதே என்பதுதான் கவலை என்று நாம் சொன்னால் அது தப்பாகுமா? கடைசியில் பெரிய யுத்தம் முடிந்த பிறகு, 1919-ல் கேம்பிரிட்ஜிலும் 1920-ல் ஆக்ஸ்போர்டிலும் கிரேக்கக் கட்டாயம் ஒழிந்தது. லத்தீன் கட்டாயம் 1960 வரை உயிரோடிருந்தது.

கிரேக்கக் கட்டாயம் போனதால் இங்கிலாந்தில் அறிவு செத்துப் போயிற்றா? வைத்தியம் நின்றதா? விஞ்ஞானம் நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை. கிரேக்கத்தில் ஆசையுள்ளவர்கள் இன்றும் அங்கே கிரேக்கம் படிக்கிறார்கள். ஆசை இல்லாதவன் தலையில் அது இப்போது கட்டப்படுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடவுளுக்கு ஜெர்மன் தெரியாமல் போன வருஷம்

அமெரிக்காவின் கதையைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரசாயனம், வைத்தியம், தத்துவம், சரித்திரம் ஆகியவற்றில் ஜெர்மன் சர்வகலாசாலைகள் முன்னணியில் இருந்தன. 1815-க்கும் 1914-க்கும் இடையில் சுமார் 9,000 அமெரிக்க மாணவர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் படித்தார்கள். 1876-ல் ஏற்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையே ஜெர்மன் மாதிரியைப் பின்பற்றியது. ஆகவே ஜெர்மன் படிக்க ஒருவரும் அமெரிக்க மாணவனைக் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 1915-ல் அமெரிக்க ஹைஸ்கூல் மாணவர்களில் நூற்றுக்கு 24 பேர் ஜெர்மன் படித்தார்கள்.

1917-ல் அமெரிக்கா ஜெர்மனிமீது யுத்தத்தில் இறங்கிற்று. உடனே ஜெர்மன் பாஷையும் விரோதியாகி விட்டது. அயோவா என்ற ராஜ்யத்தின் கவர்னர் 1918 மே மாதத்தில் ஓர் உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ்தான், பொதுவிடத்தில் பேசினால் இங்கிலீஷ்தான், ரயிலில் இங்கிலீஷ்தான், டெலிபோனில் இங்கிலீஷ்தான், சர்ச்சில் பிரார்த்தனையும் இங்கிலீஷில்தான்! சர்வ வல்லமையும் சர்வ ஞானமும் உள்ளவர் என்று சொல்லப்படும் கடவுளுக்கு அந்த மே மாதம் வரை ஜெர்மன், டேனிஷ், நார்வே பாஷைகள் எல்லாம் தெரிந்திருந்து, கவர்னர் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மறந்து போய்விட்டனவா? பக்தர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நெப்ராஸ்கா ராஜ்யத்தில் 1919-ல் சட்டமே செய்தார்கள். எட்டாம் வகுப்புத் தேறுமுன் எந்தப் பிள்ளைக்கும் அன்னிய பாஷை சொல்லிக் கொடுக்கக் கூடாது. ராபர்ட் மேயர் என்ற உபாத்தியாயர் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மனில் பைபிள் கதை படிக்கச் சொல்லிக் கொடுத்ததற்காக 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் போன்ற செத்த பாஷைகளைச் சொல்லிக் கொடுத்தால் மாத்திரம் குற்றமில்லை என்று அந்த ராஜ்யத்துக் கோர்ட்டு அர்த்தம் சொல்லிற்று. உயிருள்ள பாஷை ஆபத்தாம், செத்த பாஷை உத்தமமாம்! 1923-ல் அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சட்டம் செல்லாது என்று தள்ளி விட்டது. ஆனால் அதற்குள் காரியம் முடிந்து போயிற்று. 1922-ல் ஹைஸ்கூலில் ஜெர்மன் படித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை.

ஏழு வருஷத்தில் 24 பேர் ஒருவருக்கும் கீழே போனார்களே, இதற்கு எந்த மாணவனுடைய மூளை காரணம்? எந்த உபாத்தியாயருடைய சோம்பல் காரணம்? வெறி காரணம். தேசபக்தி என்ற பெயரால் கிளப்பிவிட்ட வெறி காரணம். பிற்பாடு காலேஜில் நின்றுகொண்டு "பையன்களுக்கு ஜெர்மன் வரவில்லையே" என்று அழுவதில் என்ன பிரயோஜனம்?

யுத்தமும் சந்திரனும்

1929-ல் அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை, பெரும்பாலான மாணவர்கள் இரண்டு வருஷமே அன்னிய பாஷை படிப்பதால், பேசக் கற்றுக் கொடுப்பது நடவாத காரியம், படித்துப் புரிந்துகொள்ளச் செய்தால் போதும் என்று முடிவு சொல்லிற்று. அதன்படியே நடந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டது. அப்பொழுதுதான், ஜப்பானிய பாஷை தெரிந்த ஆட்கள் போதாது என்று சர்க்கார் விழித்துக்கொண்டது. உடனே பட்டாளத்தார் 55 சர்வகலாசாலைகளில் சிப்பாய்களை உட்கார வைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கப்பற்படையார் ஜப்பானிய பாஷைக்கென்று தனிப் பள்ளிக்கூடம் நடத்தி, ஒரு வருஷத்துக்குச் சற்று முன்பின்னாக மாணவர்களைத் தயார் செய்து அனுப்பினார்கள். அப்படிப் படித்த டொனால்ட் கீன் என்பவர் பிற்காலத்தில் ஜப்பானிய இலக்கியத்தை உலகத்துக்கே மொழிபெயர்த்துக் கொடுத்த பேரறிஞரானார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு வருஷத்தில் பேச வராது என்றார்களே, ஒரே வருஷத்தில் எப்படி வந்தது? காலை முதல் மாலை வரை அதே வேலையாய், சிறு சிறு வகுப்பாய், அந்தப் பாஷையையே பிறந்தது முதல் பேசுகிறவர்களை வைத்துச் சொல்லிக் கொடுத்ததால் வந்தது. அதாவது உண்மையாகவே வர வேண்டும் என்று நினைத்துச் செய்ததால் வந்தது.

1957 அக்டோபரில் ருஷியர்கள் 'ஸ்புட்னிக்' என்ற செயற்கைச் சந்திரனை ஆகாயத்தில் விட்டார்கள். அமெரிக்காவுக்கு வயிறு கலங்கிற்று. 1958-ல் தேசப் பாதுகாப்புக்கான கல்விச் சட்டம் என்று ஒரு சட்டம் செய்து, அன்னிய பாஷைகளுக்குச் சர்க்கார் பணத்தை அள்ளிக் கொட்டினார்கள். ருஷிய பாஷை வளர்ந்தது. நம் தமிழ் கூட அப்பணத்தின் உதவி பெற்ற சிகாகோ, பென்ஸில்வேனியா போன்ற சர்வகலாசாலைகளில் பாடமாயிற்று. தமிழின் தொன்மையைக் கேட்டு மயங்கி அந்தச் சர்க்கார் பணம் கொடுக்கவில்லை. உலகத்தில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தங்கள் ஆட்கள் வேண்டும் என்று கொடுத்தது. அதனால் தமிழுக்கு நன்மை உண்டாயிற்று, சந்தோஷம். ஆனால் காரணத்தை மறந்துவிடக் கூடாது.

1960-களின் நடுவில் அமெரிக்கக் காலேஜ்களில் நூறு மாணவர்களுக்குப் பதினாறு பேர் வீதம் அன்னிய பாஷை வகுப்பில் பதிவு செய்திருந்தார்கள். இதுவே பொற்காலம் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். அந்தப் பொற்காலத்து ஞானம் எவ்வளவு? ஜான் கரோல் என்ற நிபுணர், அன்னிய பாஷையையே முக்கிய பாடமாக எடுத்துப் பட்டம் பெறும் தறுவாயில் இருந்த இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட மாணவர்களைச் சுமார் இருநூறு காலேஜ்களில் பரிசோதித்து 1967-ல் முடிவை வெளியிட்டார். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை உள்ள அளவில், நடுத்தர மாணவன் இரண்டுக்குச் சற்று மேலே நின்றான். அதாவது சாதாரணப் பேச்சுப் பேசுவான், தன் தொழில் விஷயத்தைத் தாராளமாகப் பேச அவனால் ஆகாது. அந்தப் பாஷை பேசும் நாட்டில் போய்க் கொஞ்ச காலம் தங்கி வந்தவர்கள் மாத்திரம் மற்றவர்களைவிட மேலாயிருந்தார்கள். பொற்காலம் என்பதன் யோக்கியதை இவ்வளவுதான். இல்லாத உயரத்திலிருந்து விழுந்து விட்டதாக அழுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஏறுவதும் இறங்குவதும்

பயம் தணிந்தது. பணம் சுருங்கிற்று. கட்டாயத்தையும் காலேஜ்கள் தளர்த்தின. 1966-ல் நூற்றுக்கு 34 காலேஜ்கள் சேரும்போதே அன்னிய பாஷை படித்திருக்க வேண்டும் என்று கேட்டன. 1979-ல் ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த கமிஷன் கணக்குப் பார்த்தபோது அப்படிக் கேட்டவை நூற்றுக்கு எட்டுத்தான்.

பிறகு 1980-களில் ஜப்பான் மோட்டாரும் ரேடியோவும் செய்து உலகச் சந்தையைப் பிடித்தது. 1980-ல் பதினோராயிரத்துச் சொச்சமாயிருந்த ஜப்பானிய பாஷை மாணவர்கள் 1990-ல் நாற்பத்தையாயிரத்துக்கு மேல் ஆனார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. 1998-ல் ஐயாயிரத்து ஐந்நூறு பேர் படித்த அரபியை 2006-ல் சுமார் இருபத்து நாலாயிரம் பேர் படித்தார்கள். சமீபத்தில், கொரியாவின் பாட்டையும் நாடகத்தையும் பார்த்து ஆசைப்பட்டு, ஒருவர் கட்டாயமுமின்றி, கொரிய பாஷை படிக்கிறவர்கள் 2016-க்கும் 2021-க்கும் இடையில் நூற்றுக்கு 38 வீதம் பெருகினார்கள். அதே ஐந்து வருஷத்தில் பிரெஞ்சு நூற்றுக்கு 23-ம், ஜெர்மன் நூற்றுக்கு 33-க்கு மேலும் குறைந்தன. எல்லாப் பாஷைகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 16-க்கு மேல் குறைவு.

இந்தக் கணக்கெல்லாம் எதைக் காட்டுகிறது? ஒரு பாஷைக்குப் பெருமை உண்டு, பழமை உண்டு, தெய்வீகம் உண்டு என்பதற்காக மாணவன் படிப்பதில்லை. பிழைப்போ, அறிவோ, பயமோ, ஆசையோ ஒன்று இருந்தால் படிக்கிறான். அது போனால் விட்டு விடுகிறான். இதில் தேவபாஷையும் இல்லை, நீசபாஷையும் இல்லை.

"அப்படியானால் கட்டாயப்படுத்து" என்று சிலர் சொல்லுவார்கள். கட்டாயத்தின் லட்சணத்தையும் பார்ப்போம். ஹங்கேரி தேசத்தில் ருஷியாவின் ஆதிக்கம் இருந்த காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் வருஷக் கணக்காக ருஷிய பாஷை படித்தார்கள். 1989-ல் கட்டாயம் நீங்கிற்று. அத்தனை வருஷம் படித்தும் நாலு வாக்கியம் பேசத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. பிறகு அதே தேசத்தில், அன்னிய பாஷைப் பரீட்சை தேறாதவனுக்குப் பட்டம் இல்லை என்று விதி வைத்தார்கள். பாடம் எல்லாம் படித்து, முடிவுப் பரீட்சையும் தேறி, இந்த ஒரு பரீட்சைக்காகப் பட்டம் கிடைக்காமல் நின்றவர்கள் பதினாயிரக்கணக்கில் சேர்ந்து விட்டார்கள். 2020-ல் தொற்று நோயைச் சாக்காக வைத்து, அதுவரை நின்றவர்களுக்கெல்லாம் பட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். விதி பாஷையை வளர்த்ததா, பட்டத்தை மறித்ததா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இங்கிலீஷே போதுமா?

கட்டாயம் கூடாது என்று சொல்லுவதால், அன்னிய பாஷையே வேண்டாம் என்று நாம் சொல்லுவதாக எவரும் அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. "உலகமெல்லாம் இங்கிலீஷ் பேசுகிறது, நமக்கு வேறெதற்கு?" என்ற அகம்பாவம் இப்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலைக்கேறியிருக்கின்றது. இங்கிலாந்தில் 2004 முதல் பதினாலு வயதுக்கு மேல் அன்னிய பாஷை படிப்பது மாணவன் இஷ்டம் என்று விட்டார்கள். அந்த வயதுப் பரீட்சையில் அன்னிய பாஷை எடுத்தவர்கள் 2002-ல் நூற்றுக்கு 76 பேர், 2011-ல் 40 பேர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலை 2023-ல் பணமுடை என்று சொல்லி அன்னிய பாஷைப் பட்டப் படிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிடத் தீர்மானித்தது. மாணவர்கள் கூட்டமாய் நின்று ஆட்சேபித்தும் தீர்மானம் நிறைவேறிற்று. மிச்சம் விட்டது கொஞ்சம் ஸ்பானிஷ், சீன வகுப்புகள்தான்.

நாம் கட்டாயத்தைக் கண்டித்தது, ஏழைப் பிள்ளைக்குக் கதவு அடைபடுகிறதே என்பதற்காக. இங்கே நடப்பதோ வேறு. வகுப்பே இல்லாமல் செய்வதும் கதவை அடைப்பதுதான். பணக்காரன் தன் பிள்ளையைத் தனிப் பள்ளிக்கூடத்திலும் அன்னிய தேசத்திலும் வைத்துப் படிப்பித்துக் கொள்ளுவான். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரித் தொழிலாளி மகன் சர்க்கார் சர்வகலாசாலையை விட்டால் எங்கே போவான்? கிரேக்கம் தெரியாவிட்டால் உள்ளே வராதே என்றார்கள் அன்று. பிரெஞ்சு வேண்டுமானால் வேறெங்காவது போ என்கிறார்கள் இன்று. இரண்டிலும் வெளியே நிற்கிறவன் ஒரே ஆள்தான்.

"கையில் இருக்கும் டெலிபோனே மொழிபெயர்த்துச் சொல்லி விடுகிறதே, பாஷை எதற்கு?" என்று கேட்கிறார்கள். அந்த யந்திரம் மனித அறிவு கண்டுபிடித்தது. அதை நாம் வரவேற்கிறோம், உபயோகிக்கிறோம். வழி கேட்க, விலை கேட்க, கடிதத்தின் சாரம் தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பாஷை சிறிதும் தெரியாதவனுக்கு யந்திரம் சொன்னது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? லத்தீன் தெரியாத குடியானவன் பாதிரி சொன்னதையும், சமஸ்கிருதம் தெரியாத நம் ஜனங்கள் புரோகிதன் சொன்னதையும் நம்பியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? யந்திரத்துக்குத் தட்சிணை ஆசை இல்லை என்கிறீர்கள். அதை வைத்திருக்கும் கம்பெனிக்கும் இல்லையா? எந்தத் தரகனையும் உபயோகித்துக் கொள்ளலாம். ஆனால் தரகன் சொல்வதைச் சரிபார்க்கக் கூடிய ஆட்கள் ஒரு சமூகத்தில் எல்லா வகுப்பிலும் கொஞ்சம் பேராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சமூகம் ஏமாறுவது நிச்சயம்.

முடிவு

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். மாணவர்களின் அன்னிய பாஷை ஞானம் குறைந்ததென்று எவராவது வந்து அழுதால், முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். முன்பு நன்றாய் வந்தது என்கிறாயே, அப்போது படித்தவர்கள் எத்தனை பேர்? அமெரிக்கக் காலேஜ்களில் 1900-ல் மொத்த மாணவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு, 2010-ல் இரண்டு கோடிக்கு மேல். இரண்டு கூட்டத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா? இரண்டாவது, வந்தது என்பது எது? பரீட்சைக்கு நெட்டுருப் போட்டதா, வாயைத் திறந்து பேசினதா? மூன்றாவது, இப்போது அந்தப் பாஷை யாருக்கு எதற்கு வேண்டும்? இம்மூன்றுக்கும் பதில் சொல்லாதவனுடைய அழுகை, போன அந்தஸ்துக்காக அழும் அழுகையே தவிர, பாஷைக்காக அழும் அழுகை அல்ல.

பிறகு சர்வகலாசாலைக்காரர்களைக் கேளுங்கள். பாஷையைக் கதவுக்குக் காவலாக வைக்காதே, உள்ளே விளக்காக வை. வேண்டியவன் எந்த வயதிலும், எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்து, முதல் எழுத்திலிருந்து படிக்க இடம் கொடு. பட்டாளத்துக்காக ஒரு வருஷத்தில் பேசச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்ததே, அந்த முறையை ஏழைப் பிள்ளைக்கும் உபயோகி. பாஷை பேசும் நாட்டில் நாலு மாதம் தங்கி வரப் பணம் இல்லாதவனுக்குப் பணம் கொடு. மார்க்கைப் பார்க்காதே, படித்து முடித்தவன் அந்தப் பாஷையில் ஒரு பத்திரிகை வாசித்து, ஓர் ஆளோடு பேசி, ஒரு கடிதம் எழுதுகிறானா என்று பார்.

நம்முடைய பிள்ளைகள் காலேஜில் படிக்கும் இங்கிலீஷுக்கும் இதே பரீட்சைதான். நோட்டை உருப்போட்டு முதல் வகுப்பு வாங்கியவன், ஆபீசில் ஒரு கேள்வி கேட்க வாய் வராமல் நின்றால், அது அவன் குற்றமல்ல. அவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு பாஷையைக் கொடுக்காமல் சர்ட்டிபிகேட்டை மாத்திரம் கொடுத்து அனுப்பியவர்களின் குற்றம். அவனைப் பார்த்துச் சிரிக்கிற பென்ஷன்காரர்கள், அவர்களைப் போய்க் கேட்கட்டும்.